உயரத்தை அளந்து எழுதுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மருத்துவமனைகளிலும் நர்சிங் ஹோம்களிலும் ஐசியூவில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும்,

காலை எட்டு மணிக்கு நைட் டூட்டி முடித்து, கண் எரிய, சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் உங்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த அசதி எனக்குத் தெரியும். 31 வருஷம் செவிலியராக இருந்தேன். அதில் கடைசி 18 வருஷம் ஐசியூ. ஓய்வு பெற்று இப்போது கள்ளிக்குப்பத்தில் இருக்கிறேன். உங்கள் வேலையில் குற்றம் தேடும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் நேராகச் சொல்லியே ஆகவேண்டும்.

போன வருஷம் மாட்டுப் பொங்கலன்று என் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. 76 வயது, சர்க்கரை உண்டு. போகிப் புகைக்கு முன்பே இருமல் இருந்தது. இரண்டு பக்கமும் நிமோனியா என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு டியூப் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தார்கள். வைத்தது சரி. வைக்காவிட்டால் அன்றிரவே போயிருப்பாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். அக்காவின் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பழக்க தோஷம், கண் திரைக்குப் போய்விட்டது. டைடல் வால்யூம் 500. ரேட் 16. கேஸ் ஷீட்டில் எடை 70 கிலோ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உயரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

டியூட்டி டாக்டர் இளம் வயதுக்காரர், மரியாதையானவர். கேட்டேன். “அம்மா, பேஷண்ட் எழுபது கிலோ. ஏழு மில்லி கணக்கு போட்டா ஐநூறுதானம்மா வருது?” என்றார். அவர் போட்ட பெருக்கல் ஏறக்குறைய சரி. எடுத்த எடைதான் தவறு.

அக்கா 148 சென்டிமீட்டர். ரேஷன் கடை வரிசையில் நின்றால் தலை தெரியாது. நுரையீரல் எவ்வளவு பெரியது என்பதை உயரம்தான் தீர்மானிக்கிறது. அவளுடைய எழுபது கிலோவில் முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இடுப்பிலும் வயிற்றிலும் இருந்தது. அதற்காக நுரையீரல் வளர்ந்துவிடாது. உயரத்துக்கு ஏற்ற எடையின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50, உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, வருவதை 0.91-ஆல் பெருக்கி, அதோடு கூட்ட வேண்டும். அக்காவுக்கு அப்படிப் பார்த்தால் 41.5 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 249. தாராளமாக 8 மில்லி கொடுத்தாலும் 332. அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது 500. கிலோவுக்கு 12 மில்லி.

அந்த 12 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வைப் படிப்பில் எல்லோரும் கடந்து வந்திருப்பீர்கள். ஏ.ஆர்.டி.எஸ். வந்த 861 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு 12 மில்லி, மறுபாதிக்கு 6 மில்லி. 12 கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 கொடுத்தவர்களில் 31 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு குமிழைத் திருப்பிக் குறைத்ததற்கே நூறு பேரில் ஒன்பது உயிர். அன்றைக்குத் தோற்றுப்போன அளவு, கால் நூற்றாண்டு கழித்து, நம் ஊரில், என் அக்காவின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதை ஒரு தனி மருத்துவமனையின் தவறாக நான் எழுதவில்லை. 2016-இல் 50 நாடுகளில் 459 ஐசியூக்களைப் பார்த்து எழுதிய ஆய்வு வெளிவந்தது. ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான் 8 மில்லியோ அதற்குக் குறைவாகவோ கொடுத்திருந்தார்கள். பிளாட்டோ பிரஷரை அளந்து எழுதியிருந்தது பத்தில் நாலு பேருக்கு. உலகம் முழுக்க இதே கதை. அதிலும் குட்டையானவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பெண்களுக்கு, தேவைக்கு அதிகமாகக் காற்று போய்விடுகிறது என்பது பல இடங்களில் பார்த்த உண்மை. மிஷினில் 450, 500 என்று வைத்துப் பழகிய கை, எல்லோருக்கும் அதையே வைக்கிறது. ஆறடி வாலிபருக்கு அது பரவாயில்லை. நம் பாட்டிகளுக்குப் பரவாயில்லை என்று விட முடியாது.

பாட்டிகள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியை நீங்கள் கொடியில் போடும்போது எப்படிப் போடுவீர்கள்? புது வேட்டியை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறலாம். நைந்ததை உதறினால் நடுவில் விட்டுப்போகும். எழுபது வயது நுரையீரல் அப்படி. காற்றுப்பைகளைத் தாங்கும் மீள்நார்கள் தளர்ந்திருக்கும். பைகளுக்கு இடையே உள்ள சுவர்கள் குறைந்து, இருக்கும் பைகள் அகன்றிருக்கும். வெளியே விலா எலும்புகளின் குருத்தெலும்பு கெட்டிப்பட்டு, முதுகு வளைந்து, கூடு இறுகிவிடும். உள்ளே தொளதொளப்பு, வெளியே இறுக்கம். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்த எண்ணாகத்தான் மிஷின் உங்களுக்குக் காட்டும். தளர்ந்த நுரையீரல் அதிகக் காற்றைக்கூடக் குறைந்த அழுத்தத்தில் வாங்கிக்கொள்ளும். அலாரம் அடிக்காது. அலாரம் அடிக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று. வயது ஏற ஏற, சாதாரண மூச்சின்போதே நுரையீரலின் அடிப்பகுதிச் சிறு குழாய்கள் மூடிக்கொள்ள ஆரம்பிக்கின்றன. நிமிர்ந்திருந்தால் அறுபத்தைந்தை ஒட்டி, மல்லாந்து படுத்தால் நாற்பத்தைந்தை ஒட்டியே இது தொடங்கிவிடுகிறது என்பது மயக்க மருந்துப் பாடப் புத்தகத்தில் உள்ள சங்கதி. 76 வயதுக்காரரை மல்லாக்கப் போட்டு, மேலே நிமோனியாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு பகுதி சீழும் நீரும். ஒரு பகுதி மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது திறந்து, மூடி, திறந்து, மூடி உரசிக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் திறந்த பகுதி கொஞ்சம். இத்தாலியின் லூச்சியானோ காட்டினோனி சி.டி. படங்களை வைத்துச் சொன்ன ‘குழந்தை நுரையீரல்’ இதுதான்: பெரியவர் உடம்புக்குள் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு உள்ள அளவுதான் காற்று போகிற இடம் மிஞ்சியிருக்கும். நீங்கள் அனுப்பும் 500 மில்லியும் அந்தச் சின்ன இடத்துக்குத்தான் போகிறது.

கிழிந்த பிறகு ஆறுவதிலும் வயது குறுக்கே நிற்கிறது. காற்றுப்பையின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்கள் முதுமையில் மெதுவாகத்தான் பெருகும். உடம்பு முழுக்க அழற்சி ஏற்கெனவே லேசாகக் கனன்றுகொண்டிருக்கும். அதிகக் காற்று அதன் மேல் விசிறுகிறது. இளம் எலிகளுக்கும் கிழட்டு எலிகளுக்கும் ஒரே அளவு பலத்த மூச்சைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் கிழட்டு எலிகளின் நுரையீரல்தான் அதிகம் கெட்டது. மனிதர்களில் வயதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், முதியவர்களுக்கு வேறு வியாதிகளும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அதே அமெரிக்க ஆய்வுக் குழுவின் நோயாளிகளை வயதுவாரியாகப் பார்த்தபோது, எழுபதுக்குக் கீழே உள்ளவர்களில் நாலில் மூன்று பேர் 28-ஆம் நாள் உயிரோடு இருந்தார்கள். எழுபதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பாதிப் பேர்தான். அழற்சி நுரையீரலோடு நிற்பதும் இல்லை, ரத்தத்தில் இறங்கி மற்ற உறுப்புகளையும் தொடும். “மிஷின்ல வச்சாங்க, நாலு நாள்ல கிட்னி போயிடுச்சு” என்று உங்கள் வாசலில் நின்று அழுகிறவர்களின் பேச்சில், காரணம் வேறு பலவாக இருக்கலாம் என்றாலும், ஒரு துளி உண்மை இருக்கக்கூடும்.

நம் பக்கத்து முதியவர்களின் நுரையீரல் ஏற்கெனவே உழைத்துக் களைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கிரைண்டிங் மிஷின் முன்னால் நின்றவர்கள், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டிங் பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், பூந்தமல்லி ரோட்டில் லாரி ஓட்டியவர்கள், கல்யாணமான நாள் முதல் விறகடுப்பை ஊதி ஊதி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவிலோ 108-இலோ உங்களிடம் வருகிறார்கள். கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் பட்டாபிராமில் மூச்சு நிற்கப்போகிற தாத்தாவை யாரும் கிண்டிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். உங்கள் வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள்.

2020-இல் எஸ்.பி.பி. சார் 74 வயதில் சென்னையில் வெண்டிலேட்டரிலும் எக்மோவிலும் கிடந்தபோது தமிழ்நாடு முழுக்க அந்த இரண்டு வார்த்தையும் வீட்டுக்கு வீடு புழங்கும் வார்த்தை ஆகிவிட்டது. அதே வருஷம் மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியில் 50,000 வெண்டிலேட்டர் வாங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகு சின்ன நர்சிங் ஹோமில்கூட மிஷின் இருக்கிறது. மிஷின் வந்த வேகத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்கப் பழகிய ஆட்கள் வரவில்லை. ஒரு சிஸ்டருக்கு இரண்டு வெண்டிலேட்டர் என்றாலே அதிகம். உங்களில் சிலர் நாலு பார்க்கிறீர்கள். சம்பளம் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் பாதியை உங்கள் நிர்வாகத்துக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் குமிழில் கை வைப்பது நீங்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் நான் சொன்னது எடுபடவில்லை. “கன்சல்டன்ட் வரட்டும்மா” என்றார்கள். அடுத்த நாள் தையல் மிஷின் டிராயரில் இருந்த இஞ்சு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். டியூட்டியில் இருந்த சிஸ்டர் சின்னப் பெண், தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. போர்வையை விலக்கி, காலை நீட்டி, குதிகாலில் அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டாள், உச்சந்தலையில் நான் பிடித்தேன். 148. அந்தப் பெண் டேப்பை விடாமல் என்னைப் பார்த்தாள். “பாட்டி இவ்வளவு குள்ளமா? படுத்திருந்தா தெரியலையே ஆன்ட்டி” என்றாள்.

அவள் சொன்னதைவிட இந்தப் பிரச்சினையை யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. கழுத்துவரை போர்த்திப் படுக்கவைத்துவிட்டால் எல்லோரும் ஒரே உயரம். கண் மதிப்பு ஏமாற்றும். அந்தப் பெண்ணே ஷீட்டில் 148 என்று எழுதினாள், அடியில் 41.5 என்று எழுதினாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கன்சல்டன்ட் வந்தார், அந்தக் காகிதத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் 300-க்கு இறக்கினார். மறுநாள் 250.

முந்தாநாள் ராத்திரி பத்து மணியிலிருந்து கன்சல்டன்ட் இறக்கிய அந்த மத்தியானம் வரைக்கும் நாற்பது மணி நேரம். நிமிஷத்துக்கு 16 என்றால் 38,400 மூச்சு.

ஐந்தாம் நாள் வலது பக்கம் காற்றுக் கசிந்து நெஞ்சில் டியூப் போட்டார்கள். பதினேழாம் நாள் அக்கா போய்விட்டாள். அந்த நாற்பது மணி நேரம்தான் அவளைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். நிமோனியா கடுமையானது, வயது 76. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த 38,400 மூச்சும் தேவையில்லாத அளவில் போனவை, ஒரு டேப் முதல் நாளே இருந்திருந்தால் போயிருக்காது. இது மட்டும் எனக்கு நிச்சயம்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வெண்டிலேட்டரில் வைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். டேப்பை மிஷின் ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்டோருக்குப் போய்த் தேட வேண்டியிருந்தால் யாரும் அளக்க மாட்டார்கள். முதுகு கூன் விழுந்தவர்களுக்குப் படுத்த உயரம் குறைவாகக் காட்டும். அவர்களுக்குக் கையை விரித்து விரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்தால் இளம் வயது உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். ஒரு கையை விரிக்க முடியாதென்றால் தொண்டைக்குழியிலிருந்து மறு கை விரல் நுனிவரை அளந்து இரட்டித்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் அதற்கு 6 மில்லியிலும் 8 மில்லியிலும் எவ்வளவு என்பதையும் கட்டில் தலைமாட்டுப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். 150 சென்டிமீட்டர் பெண்ணுக்கு 260, 345. 160 சென்டிமீட்டர் ஆணுக்கு 340, 455. ஏ.ஆர்.டி.எஸ். இருந்தால் 6 பக்கம், இல்லாவிட்டாலும் 8-க்கு மேல் வேண்டாம். டியூட்டி மாறும்போது கைமாற்றிச் சொல்லும் விஷயங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும் என்று பயப்படுவீர்கள். கொஞ்சம் ஏறும். ரேட்டைக் கூட்டிச் சமாளிக்கலாம், பி.எச். ரொம்ப இறங்காதவரை உடம்பு தாங்கும். பீடி குடித்து நெஞ்சு கெட்ட தாத்தாவுக்கு மட்டும் ரேட்டை ஏற்றும்போது கவனம் வேண்டும், மூச்சு முழுக்க வெளியேற நேரம் போதாமல் காற்று உள்ளேயே தேங்கிவிடும். அங்கே டாக்டரின் முடிவுதான்.

ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருமுறை, மூச்சு உள்ளே போனதும் அரை நொடி நிறுத்திப் பிளாட்டோ பிரஷரைப் பாருங்கள். 30-ஐத் தாண்டக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருங்கள். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான், கூட்டம் அதிகமான ராத்திரிகளில் கைவிட்டுப்போகிறவை.

காலையில் ஒரு கேள்வியையும் விடாமல் கேளுங்கள்: இவர் இன்றைக்குத் தானாக மூச்சு விடுவாரா? மயக்க மருந்தை நிறுத்திப் பாருங்கள். மிஷின் மூச்சை ஏற்றுக்கொண்டு சும்மா கிடக்கும் உதரவிதானம் எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது தெரியுமா? மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் உதரவிதானத்தை எடுத்துப் பார்த்தார்கள், 2008-இல் எழுதினார்கள். அதன் தசைநார்கள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தன. மூன்று நாள்கூட ஆகவில்லை. முதியவருக்கு இருந்ததே கொஞ்சத் தசைதான். அவரை ஒரு நாள் கூடுதலாக மிஷினில் விட்டுவைப்பது வெறும் ஒரு நாளோடு போகாது.

அட்டெண்டர்கள் வாசலில் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். “எங்க அம்மா உயரம் எழுதியிருக்கீங்களா?” என்று யாராவது கேட்டால் அது உங்கள் மேல் சந்தேகம் இல்லை. எங்கள் தெருவில் நான்தான் அப்படிக் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கணக்கு எளிது. டேப் இருபது முப்பது ரூபாய். வாங்க முடியாத வார்டு இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நான் வாங்கித் தருகிறேன்.

எனக்கு 67 வயது. தெருவுக்கு வெளியே போகும்போதெல்லாம் பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பெயர், ரத்த வகை, மகனின் போன் நம்பர், அதற்குக் கீழே உயரம் 151 சென்டிமீட்டர். ஒருநாள் ராத்திரி என்னை உங்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் 265-இல் தொடங்குங்கள்.